சத்தமில்லாத ஃபேன்

"ஃபேன் சத்தம் போடுது சார்" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் எதையாவது மறைப்பார்கள். காபி கொட்டியிருக்கும், கேட்டால் "தண்ணிகூட பக்கத்துல வைக்க மாட்டேன் சார்" என்பார்கள். மெத்தைமேல் போட்டு விடிய விடியப் படம் பார்த்திருப்பார்கள். கேட்டால் ஆபீஸ் வேலை என்பார்கள். பதினேழு வருஷமாக மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். லேப்டாப் அசரியா என்றால் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் தெரியும். கோபக்காரன் என்பதும் தெரியும். டாக்டரிடமும் மெக்கானிக்கிடமும் பொய் சொல்லாதே என்று ஒரு போர்டு எழுதி மாட்டப் பார்த்தேன். என் மனைவி ரோஸிதான், "இருக்கற நாலு கஸ்டமரும் ஓடிப்போவட்டுமா?" என்று தடுத்துவிட்டாள்.

அபிதா பொய் சொல்லவில்லை. அதனாலேயே அவர்மேல் எனக்கு முதல் நாளே மரியாதை வந்தது.

அன்றைக்குத் திங்கட்கிழமை, காலை பத்தரை இருக்கும். துணிக்கடைப் பையில் டர்க்கி டவல் சுற்றி லேப்டாப்பைக் கொண்டுவந்தார். நாற்பது வயதுக்கு உள்ளேதான் இருக்கும். பெருங்களத்தூரில் புதிதாக வந்த அபார்ட்மென்ட் ஒன்றில் வீடு என்றார். அங்கே கேட்டுக்கு எதிரிலேயே இரண்டு சர்வீஸ் கடை இருக்கிறது. அதை விட்டுவிட்டு பஸ் ஏறி என்னிடம் வந்திருக்கிறார்.

"மூணு வாரமா சார். சும்மா திறந்து வெச்சாலே கத்துது. ஆன்லைன்ல மேத்ஸ் டியூஷன் எடுக்கறேன். பசங்க, 'மிஸ், உங்க வீட்ல கிரைண்டர் ஓடுதா'ன்னு கேக்குதுங்க."

ஆன் செய்து காதை வைத்துக் கேட்டேன். இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. திறப்பதற்கு முன்பே காதால் பாதி நோயைச் சொல்லிவிடுவேன். இரண்டு சத்தம் இருந்தது. ஒன்று கரகரவென்று உரசல். ஃபேனுக்கு வயசாகிவிட்டது, பேரிங் தேய்ந்திருக்கிறது. இன்னொன்று ஓயாத இரைச்சல். அது ஃபேனின் நோய் இல்லை. உள்ளே எதுவோ ஓய்வில்லாமல் வேலை செய்து சூடாகிறது, அந்தச் சூட்டைத் தள்ள ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது.

"எப்ப வேணும் மேடம்?"

"புதன் சாயந்தரம். வியாழன் பதினொரு மணிக்கு எனக்கு ஒரு இன்டர்வியூ, வீடியோல." வெளியே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "ஏற்காடு பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல். டீச்சருக்குத் தங்க வீடு தர்றாங்க. என் பொண்ணுக்கும் அங்கேயே சீட். வீட்ல தெரியாது சார். அவர் ஆபீஸ் வேலையா ஹைதராபாத் போயிருக்கார், புதன் ராத்திரிதான் வருவார். அதுக்குள்ள இது என் டேபிள்ல இருக்கணும்."

புருஷனுக்குத் தெரியாமல் ஒரு பெண் வேலை தேடுகிறாள், அதுவும் தங்க வீட்டோடும் மகளுக்குப் பள்ளிக்கூடத்தோடும் தேடுகிறாள் என்றால், அதற்கு மேல் ஏன் எதற்கு என்று கேட்கிறவன் மனுஷனே இல்லை. நான் கேட்கவில்லை. நோட்டை நகர்த்தி, பேரும் போன் நம்பரும் எழுதச் சொன்னேன்.

"போன் பண்ண வேண்டாம் சார். நானே வந்து வாங்கிக்கறேன்."

"பண்ண மாட்டேன் மேடம். ஆனா நம்பர் இல்லாம பொருள் வாங்கறதில்ல. கடை ரூல்."

நானே வைத்த ரூல்தான். வேலைக்குக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் வராமல், பிறகு வந்து "இது என்னுது இல்ல" என்று சண்டை போட்ட ஒரு புண்ணியவானால் வந்த ரூல். அவர் பேனாவை வாங்கினார். ஒரு கணம் நின்றார். பிறகு பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, பெருங்களத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பிரித்தேன். தூசிக்குள் ஒரு சின்னப் பெண்ணின் நீள முடி, டான்ஸ் டிரஸ்ஸிலிருந்து உதிர்ந்த ஜிகினா. பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்த புதியதை மாட்டி ஆன் செய்தேன். உரசல் போய்விட்டது. இரைச்சல் போகவில்லை. திரையில் ஒன்றுமே திறக்கவில்லை, ஆனாலும் ஃபேன் மூச்சு வாங்குகிறது.

பல பேர் இந்த இடத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள். ஃபேன் புதுசு, சத்தம் குறைஞ்சிருக்கு, எடுத்துக்கினு போங்க. எனக்கு அது பிடிக்காது. ஓட வைக்கிறவன் யார் என்று பார்த்தேன். 'பிரிண்டர் உதவி' என்று ஒரு புரோகிராம் மெஷினின் பாதி உழைப்பைத் தின்றுகொண்டிருந்தது. அந்த லேப்டாப்பில் பிரிண்டர் என்று ஒன்றை யாரும் மாட்டியதே இல்லை.

அது எங்கே குடியிருக்கிறது என்று தேடிப் போனேன். ஒளித்து வைத்த ஒரு ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னப் படங்கள். எல்லாம் அந்த அம்மாவின் திரை. சில விநாடிக்கு ஒன்று. அவர் படித்த மெயில், தேடிய விஷயம், தங்கைக்கு எழுதி அனுப்பாமல் அழித்த கடிதம், ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பதில், எல்லாமே இருந்தன. அந்தப் புரோகிராம் இவற்றை மூட்டை கட்டி வெளியே யாருக்கோ அனுப்ப வேண்டும். ஆனால் அவை போய்ச் சேரும் ஆன்லைன் கணக்கில் மூன்று வாரத்துக்கு முன்பே இடம் நிரம்பிவிட்டது. அனுப்பும், திரும்பி வரும், மறுபடி முதலிலிருந்து மூட்டை கட்டும். நிமிஷத்துக்கு நிமிஷம் மூட்டை பெருத்துக்கொண்டே போகும். சூடு அதனால்தான். சத்தமும் அதனால்தான்.

யார் வைத்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்க ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். கட்டினவளின் தோளுக்குப் பின்னால் மூன்று வேளையும் நின்று எட்டிப் பார்க்கிற பொறுக்கித்தனத்துக்கு எந்த ஊரில் புருஷன் என்று பேர்?

இனிமேல் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. பழுதைக் கண்டதும் போட்டோ எடுத்து, நோட்டில் இருக்கிற நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். பின்னால் "நல்லாத்தானே இருந்துது, நீங்கதான் கெடுத்துட்டீங்க" என்று யாரும் மல்லுக்கு நிற்க முடியாது. கஸ்டமர் சரி என்று சொல்லாமல் எதையும் அழிக்கவும் மாட்டேன். போன் பண்ணாதீங்க என்றுதான் அந்த அம்மா சொன்னார். மெசேஜ் போன் இல்லையே. நம்பரைப் போட்டுப் பார்த்தேன். முகப்புப் படத்தில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, பரதநாட்டிய உடுப்பில். மகள் படத்தை வைத்திருக்கிற அம்மா என்று நினைத்தேன். எந்த அம்மாதான் வைப்பதில்லை?

உட்கார்ந்து நிதானமாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் டைப் செய்தேன். 'மேடம், உங்கள் லேப்டாப்பில் யாரோ உளவு புரோகிராம் ஒளித்து வைத்திருக்கிறார்கள். போய்ச் சேரும் கணக்கில் இடம் நிரம்பிவிட்டதால் மூன்று வாரமாக எதுவும் வெளியே போகவில்லை. அதனால்தான் ஃபேன் சத்தம். பயப்பட வேண்டாம், உங்கள் இன்டர்வியூ விஷயம் யாருக்கும் போயிருக்காது. அழித்துவிடட்டுமா?' கூடவே அத்தாட்சிக்கு ஒரு போட்டோ. இருக்கிற படங்களில் தெளிவான படமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். பள்ளிக்கூடத்தின் கடிதம். பேர், ஊர், வியாழன் பதினொரு மணி, 'தங்கள் மகளின் சேர்க்கை குறித்து', எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது, பாதி ஆங்கிலத்தில். 'Thank you. எதையும் அழிக்க வேண்டாம். Will collect.' எனக்குப் பெருமையாக இருந்தது. மீதி வேலையைச் சந்தோஷமாகச் செய்தேன். காற்று வெளியே போகும் செப்புத் தகடுகளில் அடைத்திருந்த தூசியைப் பிரஷ் போட்டு எடுத்தேன், சிப்பின் சூட்டைக் கடத்துகிற, காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிது தடவினேன். மறுபடி ஆன் செய்தபோது காதை வைத்தும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே அந்தப் புரோகிராம் அப்படியே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

புதன்கிழமை மூன்று மணிக்கு ஒருவர் கடைக்கு வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் இழுத்துவந்த பெட்டி, அதன் கைப்பிடியில் விமானக் கம்பெனியின் சீட்டு இன்னும் கிழிக்காமல் தொங்கியது.

"அபிதா லேப்டாப். மெசேஜ் பண்ணியிருந்தீங்களே" என்று தன் போனை என் முகத்துக்கு நேரே காட்டினார். என் எழுத்து. நான் அனுப்பிய படம். "ஷ்யாம்சுந்தர். அவங்க ஹஸ்பண்ட். நம்பர் என்னோடது."

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இதுவரைக்கும் அவர் என்று எழுதிவிட்டேன், இனிமேல் என் கை வராது.

"உங்க மெசேஜ் ரொம்ப யூஸ்ஃபுல்லா இருந்துது சார்" என்றான். நக்கலாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நன்றியாகத்தான் சொன்னான். "மூணு வாரமா ஏன் ஒண்ணும் வரலன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். நேத்தே அந்த அக்கவுன்ட்டைக் காலி பண்ணிட்டேன். இப்ப சத்தம் வராது இல்ல?"

"மேடம் சாயந்தரம் வர்றேன்னாங்க சார். அவங்க கையிலதான் கொடுக்கணும்."

"எதுக்கு சார் அவங்களுக்கு அலைச்சல்? லேப்டாப் என் பேர்ல வாங்கினது, பில் இருக்கு. அவங்களுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. ட்ரீட்மென்ட் போயிட்டிருக்கு. குடும்ப விஷயம், வெளியில சொல்ல முடியாது." சிரித்தான். "இல்ல, நான் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லி வாங்கிக்கணுமா?"

கடையில் வேறு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அதில் ஒரு பெரியவர், "புருஷன்தானேப்பா, குடுத்தனுப்பு" என்றார். நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மதர்போர்டு வெளியில் போயிருக்கிறது, நாளைக்குத்தான் வரும் என்று ஒரு வார்த்தை. தினமும் பத்துப் பேரிடம் "பார்ட் வரல" என்று கூசாமல் சொல்லுகிற வாய் இது. அன்றைக்கு அது திறக்கவில்லை. போலீஸ் என்றதும் பயந்தேன், அதுதான் உண்மை. எடுத்துக் கொடுத்தேன். அவன் அங்கேயே திறந்து, ஆன் செய்து, தலையைச் சாய்த்துக் கேட்டான். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு போனான்.

ஐந்தரைக்கு அபிதா வந்தார். மகளைப் பக்கத்து ஃபிளாட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டே பையை விரித்தார். எப்படிச் சொல்வது என்று மூன்று மணியிலிருந்து யோசித்து வைத்திருந்த ஒன்றும் உதவவில்லை. அப்படியே கொட்டிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நோட்டை இழுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"இது என் நம்பர் இல்ல."

"நீங்கதான் மேடம் எழுதினீங்க."

"நான்தான் எழுதியிருக்கேன்." எழுத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கேஸ், ரேஷன், ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் இந்த நம்பர்தான். பதினோரு வருஷமா எங்க கேட்டாலும் இதைத்தான் எழுதறேன். எனக்குன்னு சிம் வாங்கியே ரெண்டு வருஷம்தான் ஆகுது. கை அதுவா எழுதிடுச்சு."

நான் அனுப்பிய மெசேஜைக் கேட்டு வாங்கிப் படித்தார். போட்டோவைப் பெரிதாக்கினார். கடிதத்தில் 'தங்கள் மகளின் சேர்க்கை குறித்து' என்ற வரியில் விரல் நின்றது. கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு வரி விடாமல் படித்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்த குரங்கு அந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"போலீஸ்ல சொல்லலாம் மேடம். நான் சாட்சி சொல்றேன்" என்றேன். இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் போலீஸ் என்றதும் நடுங்கியவன்தான்.

"வேண்டாம் சார். அப்படி ஏதாவது பண்ணா முதல்ல பொண்ணு ஸ்நேகாவைத் தூக்கிட்டுப் போயிடுவார். அவளை விட்டுட்டு நான் எங்க போக முடியும்?" நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "நாளைக்கு இன்டர்வியூ நல்லபடியா முடிஞ்சு கையில லெட்டர் வந்துட்டா போதும். அன்னிக்கே அவளைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன். தங்க இடம் இருக்குன்னு எழுத்துல இருந்தா நாளைக்கு யாரும் என்னைக் கேக்க முடியாது."

"அப்ப இங்க வாங்க மேடம். என் லேப்டாப் இருக்கு, நெட் இருக்கு. ஷட்டரை இறக்கிடறேன். யாரும் வரமாட்டாங்க."

முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். நம்பலாமா என்று பார்த்த பார்வை. என்னை நம்புவதற்கு அவருக்கு ஒரு காரணமும் இல்லை, வேறு வழியும் இல்லை. உட்கார்ந்து என் கம்ப்யூட்டரில் தன் மெயிலைத் திறந்தார். கேமராவைச் சரி பார்த்தார், பின்னால் தெரிந்த கழற்றிப் போட்ட கீபோர்டுகளை நான் எடுத்து ஒதுக்கினேன். பதினொரு மணிக்கு ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்கிற மாதிரி எல்லாவற்றையும் திறந்தே வைத்தார்.

"பத்தரைக்கு வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு ரோஸியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு முழங்கால் போட்டுவிட்டாள். எனக்கு ஜெபம் பண்ண வாய் வரவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கே கடையைத் திறந்தேன். பின் அறையைப் பெருக்கி, நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போட்டு, சுவரில் ரோஸியின் புது பெட்ஷீட்டைக் கட்டினேன். பக்கத்தில் ஜூஸ் கடை வைத்திருக்கிற அப்பாதுரையிடம் போனேன்.

"அப்பாதுரை, பதினோரு மணிலேர்ந்து ஒரு மணி நேரம் மிக்ஸி போடாதடா."

"இன்னாண்ணா நீ, வெயிலு மண்டையைப் பொளந்துகினு கீது. அந்த நேரத்துல தான் யாவாரமே."

"ஒரு பொண்ணோட வாழ்க்கைடா. கால்ல வேணா வுழறேன்."

கோபத்தில் அவனை நான் திட்டாத திட்டு இல்லை. கெஞ்சி அவன் பார்த்ததில்லை. என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சர்தான் போண்ணா, போடல" என்றான். ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

பத்தரை ஆனது. பத்தே முக்கால் ஆனது. ரோட்டில் பெருங்களத்தூரிலிருந்து வருகிற ஒவ்வொரு ஆட்டோவையும் குனிந்து குனிந்து பார்த்தேன். அவருக்குச் சொந்தமாக ஒரு நம்பர் இருக்கிறது, அதை நேற்று வாங்கி வைத்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. நோட்டில் இருந்தது அவனுடைய நம்பர் மட்டும்தான்.

பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர் மணியடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தாங்க முடியாமல் நானே தட்டிவிட்டேன். திரையில் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பின்னால் ஜன்னல், மரங்கள்.

"குட் மார்னிங் அபிதா... நீங்க யாரு?"

"மேடம், நான் லேப்டாப் சர்வீஸ் பண்றவன். அவங்க வந்துகினே... வந்துட்டிருக்காங்க. டிராஃபிக்கு. ஒரு பத்து நிமிஷம் கொடுங்க மேடம்."

"சரி, வெயிட் பண்றோம்" என்றார் அந்த அம்மா. நல்ல மனுஷி. பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ளிகேஷன்ல எழுதியிருந்ததைப் பாத்தீங்களா, டெமோ வீடியோவும் ரொம்ப நல்லா இருந்துது" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பத்து நிமிஷம் இருபதாக ஆனது. என்னுடைய கம்ப்யூட்டர் ஃபேன் ஓடவில்லை, சீலிங் ஃபேனையும் நிறுத்தியிருந்தேன். அப்பாதுரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். வேர்த்துக் கொட்ட நான் அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"சாரி சார், அடுத்த கேண்டிடேட் காத்திருக்காங்க" என்றார் கடைசியில். "வரலைன்னு போட்டுக்கறோம். இந்த வாரமே ஆளை முடிவு பண்ணியாகணும்." திரை அணைந்தது.

கடையைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த அபார்ட்மென்ட் கேட்டில் காவலாளி, "எந்த ஃபிளாட் சார்? ஓனர் போனுக்கு மெசேஜ் போவும், அவரு ஓகே குடுத்தா உள்ளே வுடுவேன்" என்றான். எந்தப் போனுக்குப் போகும் என்று எனக்குத் தெரியாதா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். ஒரு மணிக்கு மேல் காய்கறி வண்டி ஒன்று வந்து கேட் ஓரம் நின்றது. மாடியிலிருந்து நாலைந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். கடைசியாக அபிதா வந்தார். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தார், காலையில் இன்டர்வியூவுக்குக் கட்டிய புடவையாக இருக்க வேண்டும், கஞ்சி போட்ட காட்டன்.

பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பாமலேயே தக்காளியைப் பொறுக்கிக்கொண்டு பேசினார்.

"ராத்திரி ஒண்ணுமே கேக்கல சார். சிரிச்சுப் பேசினார். காலைல ஸ்கூலுக்கு நானே கொண்டு விடறேன்னு ஸ்நேகாவைக் கூட்டிட்டுப் போனார். ஒம்பதரைக்கு விழுப்புரத்துலேர்ந்து போன் பண்றார். திருச்சிக்குப் போறாங்களாம், அவரோட அண்ணன் வீட்டுக்கு. இனிமே அங்கதான் படிக்கப் போறாளாம்."

"மன்னிச்சுடுங்க மேடம்" என்றேன். என் குரலே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"நான் தாம்பரம் வந்திருக்கலாம் சார். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். பேசியிருந்தா வேலையும் கிடைச்சிருக்கும். ஏற்காட்டுல குடுக்கற வீட்ல யாரைக் கூட்டிட்டுப் போய் இருக்கறது?" தக்காளியைத் தட்டில் வைத்தார். "நான் ஒழுங்கா இருந்தா லீவுக்குக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார்."

"லேப்டாப்?"

"டேபிள்மேலயே வெச்சுட்டுப் போயிருக்கார். தாராளமா யூஸ் பண்ணிக்கோன்னார்."

"கொண்டு வாங்க மேடம். அதைப் பிடுங்கி எறிஞ்சுடறேன். ஒரு நிமிஷ வேலை."

"எடுத்தா அவருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் லீவுக்கும் வரமாட்டா." இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. சந்தேகம் கேட்கிற கஸ்டமரின் முகம்தான் இருந்தது. "அது இன்னும் ஓடுதா சார் உள்ள? முன்னாடி கத்திக்கிட்டே இருக்கும். இப்ப காதை வெச்சுக் கேட்டுப் பாத்தேன், ஒண்ணுமே கேக்கல."

ஓடுது மேடம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, தக்காளியை எடை போடச் சொன்னார்.